நாடுகடத்தப்பட்ட விரிசல்

குறும்பாறை நாட்டு அரசர் நெடுவேள் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். திடீரென்று தொட்டித் தண்ணீர் தளும்பியது. கூரையிலிருந்து ஓர் ஓடு சரிந்து காலடியில் விழுந்தது. அவ்வளவுதான், எல்லாம் அடங்கிவிட்டது. அதற்குள் அரசர் கண் நிறையச் சீயக்காயோடு, இடுப்பில் ஈரத்துண்டோடு, நடுவீதிக்கு வந்துவிட்டார்.

ஊரே பார்த்துவிட்டது. பயம் போய் வெட்கம் வந்தது. வெட்கம் போய்க் கோபம் வந்தது.

"நிலத்தை ஆட்டியவன் எவன்?" என்று மறுநாள் சபையில் உறுமினார். "எவனானாலும் நாடுகடத்துகிறேன்!"

அமைச்சர் விழுப்பரையர் துள்ளி எழுந்தார். ஊருக்கு வெளியே இருந்த குன்றில் மாளிகை கட்ட அவருக்கு வெகுநாள் ஆசை. அங்கே குடியிருந்த கல்லுடைப்பவர்கள்தான் இடைஞ்சல்.

"அரசே, கல்லுடைக்கிற கூட்டத்தின் வேலை இது. ஓயாமல் சம்மட்டி அடித்தால் பூமி தாங்குமா? அவர்கள் குடிசை வாசலிலேயே தரை வெடித்திருக்கிறது. விரிசல் யார் இடத்திலோ, அவரே குற்றவாளி!"

கல்லுடைப்பவர்களின் தலைவி சடையாயி கதறினாள். "சாமி, எங்க குடிசையும்தான் சரிஞ்சுபோச்சு. பிள்ளை குட்டியோட நாங்க எங்க போவோம்?"

அரசரின் தோழன் ஏகம்பன் எழுந்தான். "அமைச்சர் சொன்னது அருமையான நியாயம். அதையே ஆணையாக்கிவிடுங்கள், அரசே."

சடையாயி தலையில் அடித்துக்கொண்டாள். அரசர் ஆணையிட்டார்.

"சரி, விரிசல் எதுவரை போகிறது என்று பார்த்துவிடலாம், வாருங்கள்" என்றான் ஏகம்பன்.

குடிசை வாசலில் தொடங்கிய விரிசல் தினைக்கொல்லையில் இறங்கியது. குளக்கரையைத் தாண்டியது. நேராக விழுப்பரையரின் மாட்டுத்தொழுவத்துக்குள் நுழைந்தது.

"இது... மாடு மிதித்து வந்த விரிசல்!" என்றார் அமைச்சர். வேர்த்துக் கொட்டியது.

விரிசல் அங்கேயும் நிற்கவில்லை. அரண்மனைச் சுவரைப் பிளந்து, சிம்மாசனத்துக்கு அடியில் போனது.

அரசரின் முகம் வெளுத்தது. "ஏகம்பா, என்னை நானே நாடுகடத்துவதா? ஆணையைத் திரும்பப் பெற்றால் மறுபடியும் ஊர் சிரிக்குமே!"

"எதற்குத் திரும்பப் பெற வேண்டும்? உங்கள் பாட்டனார் காலத்திலும் நிலம் ஆடியது என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். அப்போது குன்றில் சம்மட்டிச் சத்தமே கிடையாது. மண்ணுக்கு அடியில் ஏதோ பழைய பிளவு இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை புரண்டு படுக்கிறது. குற்றவாளி அதுதான். மேலே தெரிகிற அதன் வாலைப் பாருங்கள். பின்வாசல் வழியாக வெளியேறி, எல்லை ஆற்றில் இறங்கி, அடுத்த நாட்டில் கரையேறிவிட்டது. உங்கள் ஆணை நிறைவேறிவிட்டது, அரசே!"

அரசர் யோசித்தார். "நான் ஆணையிட்டது இன்றைக்கு. அது நேற்றே போய்விட்டதே?"

"உங்கள் மேல் அவ்வளவு பயம்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குன்றைச் சடையாயியின் கூட்டத்துக்கே கொடுத்தார். ஏகம்பனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. சரிந்த குடிசைகளைச் சொந்தச் செலவில் கட்டித்தரும் பாக்கியம் விழுப்பரையருக்குக் கிடைத்தது.