இரண்டு நிமிஷப் பஞ்சு

அரங்கசாமி என்று ஒரு கண் டாக்டர் இருந்தார். அந்தப் பக்கத்துக் கண் டாக்டர்களில் பாதிப் பேர் அவரிடம் கத்தி பிடிக்கக் கற்றவர்கள்தான். அப்பேர்ப்பட்டவருக்கே கண்ணில் அழுத்தம் ஏறுகிற நோய் வந்துவிட்டது. ஆபரேஷனுக்குத் தன் மாணவி செண்பகவல்லியிடம்தான் போய்ப் படுத்தார்.

போன வருஷம் இடது கண். வெள்ளை விழியில் சின்னதாக ஒரு வழி போட்டு, உள்ளே தேங்குகிற நீரை வெளியே விட்டாள். நல்லபடியாகத்தான் செய்தாள். ஆனால் உடம்புக்கு அது வழி என்று தெரியுமா? புண் என்று நினைத்து, தழும்பு வைத்து அடைத்துவிட்டது. பார்வை போயிற்று.

தழும்பு விழாமல் தடுக்க மருந்து உண்டு. பஞ்சில் நனைத்து வைத்து, குறித்த நேரத்தில் எடுத்துக் கழுவிவிட வேண்டும். கூடுதலாக வைத்தால் சவ்வு மெலிந்து, நீர் ஓயாமல் கசிந்து, கண்ணே கெட்டுப்போகலாம். அதற்குப் பயந்துதான் அன்றைக்கு அவள் அந்த மருந்தைத் தொடவில்லை.

இன்றைக்கு வலது கண். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

"பஞ்சு வைக்கிறேன் சார்."

"எவ்வளவு நேரம்?" முகத்தை மூடிய துணிக்கடியிலிருந்து குரல் வந்தது. மரப்பு ஊசி கண்ணுக்குத்தானே, வாய்க்கு இல்லையே.

"ரெண்டு நிமிஷம். போர்டுல எழுதியாச்சு. நீங்க பேசாதீங்க சார், கண்ணு அசையும்."

"நான் சொல்லிக்குடுத்ததை எனக்கே சொல்றியா."

நர்ஸ் லூர்து கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். நேரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அரங்கசாமி போட்ட வழக்கம்.

"ஒரு நிமிஷம் ஆச்சு டாக்டர்."

செண்பகவல்லி பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவும் அடைத்துக்கொண்டால்? நாளைக்கு இந்த மனுஷர் சுவரைத் தடவிக்கொண்டுதானே நடக்க வேண்டும்?

"ரெண்டு நிமிஷம் ஆச்சு டாக்டர்."

அவள் கை நகரவில்லை.

"டாக்டர். ரெண்டு."

"இன்னும் அரை நிமிஷம் இருக்கட்டுமே சார். மறுபடி அடைச்சுட்டா?"

"கூட வைக்கச் சொல்லி என் கண்ணு ஏதாச்சும் காட்டுதா?"

"இல்ல சார்."

"போன தடவை பயந்துக்கிட்டு வைக்கல. இப்பப் பயந்துக்கிட்டு எடுக்கல. ரெண்டு தடவையும் ஆபரேஷன் பண்றது உன் பயம்தான். அதைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிட்டு, நீ உள்ளே வாம்மா."

செண்பகவல்லி பஞ்சை எடுத்துவிட்டு, கழுவுகிற நீருக்குக் கையை நீட்டினாள்.