எட்டேகால் பஸ் ஆராய்ச்சி

ஓடைமேட்டில் அறிவுக்குப் பஞ்சமில்லை. யாரும் அதை எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஊரிலிருந்து டவுனுக்குப் போய் ப்ளஸ் ஒன் படித்தவர்கள் மூன்று பேர்: பூவரசன், ஜெயசீலன், நாகமாணிக்கம்.

ஞானதுரை சார் அவர்களிடம் ஓர் ஆய்வைச் செய்யச் சொன்னார். "நூறு பேரை நேருக்கு நேர் நின்னு கேக்கணும். வெளியாள் உதவி கூடாது. அடுத்தவன் கேள்வியைக் காப்பி அடிச்சா கையெழுத்து கிடையாது."

கையெழுத்து இல்லையென்றால் பரீட்சை இல்லை. பூவரசனோ ஏற்கெனவே ஒரு வருஷம் கோட்டை விட்டவன். இன்னொன்றும் போனால் தங்கச்சி அவன் பெஞ்சுக்கே வந்துவிடுவாள்.

ஊர் பஸ் தினமும் ஐந்து நிமிஷம் பிந்தியே வரும். 'எட்டேகால் பஸ் ஏன் லேட்டு?' என்பதையே கேள்வியாக வைத்தார்கள்.

"பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கிறவர் நிக்கிறாரா, போறாரா?" என்றான் ஜெயசீலன்.

"வண்டி போகுதுன்னா அவரும் போறாருதான்," என்றான் நாகமாணிக்கம்.

"போற ஆளு முன்னாடி எப்படிடா நிக்கிறது?" பூவரசன் வெகுநேரம் யோசித்தான். "வண்டியை நிறுத்திட வேண்டியதுதான்."

மறுநாள் இருவர் பஸ்ஸுக்குக் குறுக்கே நிற்க, பூவரசன் ஏறிக் கேட்டான். பத்துப் பேரை முடிப்பதற்குள் அரைமணி போய்விட்டது.

"பூ வாடுதுடா பாவிகளா!" என்று கத்தினாள் பூக்காரம்மா.

கண்டக்டர் கெஞ்சினார். "தம்பி, நோட்டைக் கொடு. ஓடுற வண்டியில நானே கேட்டு எழுதித் தர்றேன்."

"வெளியாள் உதவி கூடாதுண்ணே," என்று பூவரசன் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பத்து நாள் இப்படியே நடந்தது. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "உங்களாலதான்டா!" ஒரு பதில்கூட மாறவில்லையே என்று பூவரசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி நாள் ஒன்பதரைக்குள் நோட்டைக் கொடுக்க வேண்டும். தொண்ணூற்றொன்பது பேர் முடிந்து டிரைவர் மட்டும் பாக்கி. கேள்வியைக் கேட்டதுமே அவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். எழுப்பி, அழவைத்து, பதில் வாங்குவதற்குள் மணி பத்தரை.

பதினொரு மணிக்கு மூவரும் பள்ளி வாசலில் வந்து இறங்கினார்கள். ஞானதுரை சார் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "எட்டேகால் பஸ் ஏன்டா லேட்டு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூவரசனுக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

"சார், அது எங்க கேள்வி," என்றான் மெதுவாக. "நாங்க வெளியே சொல்ல மாட்டோம். நீங்க சட்டுன்னு வேற ஒண்ணு யோசிங்க. இல்லேன்னா உங்களுக்கும் கையெழுத்து கிடைக்காது."