வெள்ளித் தட்டில் தங்கம் வளர்த்த மூவர்

தெற்கே ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் சடையப்பன், மிக்கேல், நாகூர்கனி என்று மூன்று ஆய்வக உதவியாளர்கள் இருந்தார்கள். மூவரும் நல்லவர்கள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். சொன்னதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவும் மாட்டார்கள்.

அந்தத் துறைப் பேராசிரியை திலகவதி ஆறு வருடம் அலைந்து ஓர் எந்திரம் வாங்கியிருந்தார். காற்றே இல்லாத எஃகுக் குடுவைக்குள் ஒரு வெள்ளித் தட்டை வைத்து, அதன் மேல் தங்கத்தைச் சில அணு கனத்துக்குப் படியவிட்டு, ஒளியைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே வரும். அவை வரும் வேகத்தை வைத்துத் தங்கமும் வெள்ளியும் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். எந்திரத்துக்குப் பணம் கொடுத்த இடத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஒரு குழு வந்து பார்ப்பதாக இருந்தது. எந்திரம் ஓடாவிட்டால் வேறு கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

திங்கட்கிழமை பார்த்து மேடத்தின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆட்டோவில் ஏறியபடியே மூவரிடமும் சொன்னார்.

"தட்டைக் கை படாம எடுங்க. வெற்றிடத்துல வைங்க. மேலே தங்கத்தை மெதுவா வளர்க்கணும், மெல்லிசா இருந்தாப் போதும். எர்த் பண்ண மறந்துடாதீங்க. வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் வெளியே வரும். எத்தனை வருது, என்ன வேகத்துல வருதுன்னு குறிச்சு வைங்க."

ஆட்டோ போய்விட்டது.

கை படக் கூடாது என்பதால் நாகூர்கனி செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டைக் கால் விரல்களில் இடுக்கிக்கொண்டார். மற்ற இருவரும் அவரை இரு பக்கமும் தாங்கிப் பிடிக்க, மாடியிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கினார். இருபத்திரண்டு படிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"வெற்றிடம்னா எங்கேண்ணே?" என்று மிக்கேல் கேட்டார்.

"கட்டடத்துக்குப் பின்னாடி காலியாக் கிடக்கே, அதுதான்," என்றார் சடையப்பன். அவர்தான் மூவரில் மூத்தவர்.

"எர்த்து?"

"மண்ணு. அதுக்குள்ள வைக்கச் சொல்றாங்க. வளர்க்கணும்னா மண்ணு வேணாமா?"

குழி தோண்டி, தட்டை வைத்து, அதன் நடுவில், எந்திரத்துக்கென்று மேடம் வைத்திருந்த தங்கக் கம்பித் துண்டைப் போட்டு மூடினார்கள். மிக்கேல் ஒரு கூடை எரு கொண்டுவந்தார். சடையப்பன் தடுத்துவிட்டார்.

"மெல்லிசா வளரணும்னு சொன்னாங்க. உரம் போட்டா தடிச்சிடும்."

வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினார்கள்.

மறுநாள் காலை அங்கே வெயில் பட்டது. ஈர மண்ணிலிருந்து எறும்புகள் வரிசையாக வெளியே வந்தன.

"வந்துடுச்சு," என்றார் நாகூர்கனி மெல்லிய குரலில்.

மிக்கேலுக்குச் சந்தேகம். "எலக்ட்ரான் கருப்பாவா இருக்கும்?"

"அதை நெகட்டிவ்னு சொல்றாங்கல்ல. நெகட்டிவ்ல எல்லாம் கருப்பாத்தான்ப்பா தெரியும். அந்தக் காலத்து போட்டோ பிலிமைப் பார்த்ததில்லையா?" என்றார் சடையப்பன்.

குனிந்து பார்த்த மிக்கேலை ஒன்று கடித்தது. அவர் விரலை உதறிக்கொண்டே, "சார்ஜ் இருக்கு," என்று ஒப்புக்கொண்டார்.

புதன்கிழமை பேராசிரியை பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தார். மூவரும் நோட்டை நீட்டினார்கள். அதில் இப்படி எழுதியிருந்தது:

'வெளியே வந்த எலக்ட்ரான் நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு சாண் தூரத்துக்குப் பதினோரு செகண்டு. அரிசி தூக்கிய எலக்ட்ரானுக்குப் பத்தொன்பது. தூறல் விழுந்த பிறகு வரவில்லை.'

மேடம் இரண்டு முறை படித்தார். பிறகு, "தட்டு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

காட்டினார்கள். அவர் புடவையோடு மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தோண்ட ஆரம்பித்தார்.

"மேடம், கை படக் கூடாது," என்று நாகூர்கனி பணிவாக ஞாபகப்படுத்தினார்.

நல்லவேளை, தட்டும் கம்பியும் கிடைத்தன. அன்றும் மறுநாளும் மேடம் யாரையும் கிட்டே சேர்க்காமல் தானே தட்டைத் துப்புரவாக்கி, குடுவைக்குள் ஏற்றி, தங்கத்தைப் படியவிட்டார். வெள்ளிக்கிழமை குழுவினர் முன்னால் கணினித் திரையில் கோடு ஒன்று மேலே ஏறியது. தங்கத்துக்கு எங்கே ஏற வேண்டுமோ, அதற்குச் சற்றுத் தள்ளி ஏறியது. அப்படித் தள்ளி ஏறுவதுதான் விசேஷமாம். எந்திரம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கதவோரம் நின்ற மூவருக்கும் கலங்கியது.

அந்தச் சந்தோஷத்தில் மேடம் குழுவினருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "ஒரு எலக்ட்ரான் வெளியே போனா, அது இருந்த இடத்துல ஒரு ஓட்டை விழும். செகண்டுக்கு ஒரு கோடியாவது போகும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருடம் அலைந்து வாங்கிய எந்திரம். சத்தமில்லாமல் வெளியே வந்து, நேராகக் கடைத்தெருவுக்குப் போனார்கள்.

"மரத்துல ஓட்டை அடைக்க மக்கு வச்சிருப்பீங்களே, அது வேணும். ஒரு கோடி ஓட்டை இருக்கு. எத்தனை கிலோ ஆகும்?" என்று சடையப்பன் பெயிண்டுக் கடைக்காரரைக் கேட்டார்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓட்டை பெரிசா, சின்னதா?"

"கண்ணுக்கே தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார்.

"அப்ப கால் கிலோ போதும். பூசினதும் ஓட்டை தெரியுதான்னு மட்டும் பார்த்துக்குங்க. தெரிஞ்சா, சரியா அடைக்கலைன்னு அர்த்தம்."