அரசன் பெயர் போதும்

"குருவே, சொல்லக் கூடாத சொல்லை எப்படிச் சொல்வது?"

கேட்டவர் டெங். மண் சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கிப்போன கிழவர்.

குரு அவரைவிட வயதில் இளையவர். ஆற்றோரம் தன் படகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"எந்தச் சொல்லை?"

"என் நாக்கை அறுக்க வழி பார்க்கிறீர்களா?"

குரு சிரித்தார்.

அந்தச் சொல் அரசனின் பெயர்.

அவன் பிறந்தபோது அவன் தாய் நெடுநேரம் வலியில் கிடந்தாள். கடைசியில் "போதும்" என்றாள். கதவுக்கு வெளியே நின்ற தகப்பன் அதைக் கேட்டான். தாய் பெயர் வைத்துவிட்டாள் என்று மகிழ்ந்தான். அதையே பெயராக்கினான். அவர்கள் மொழியில் அதற்கு வேறு ஓசை. பொருள் அதுதான்.

அந்தக் காலச் சீன தேசத்தில், அரியணை ஏறியவன் பெயரைக் குடிமக்கள் உச்சரிக்கக் கூடாது. இவன் நாட்டில், உச்சரித்தால் நாக்கு போகும்.

அவன் முடிசூடிய நாள் முதல் யாரும் போதும் என்று சொல்லவில்லை. விருந்தாளிகள் கிண்ணத்தைக் கையால் மூடினார்கள். கணவன் மனைவி சண்டைகள் விடியும்வரை நடந்தன. அமைச்சர்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "இன்னும்" என்ற சொல்லுக்குத் தடை இல்லையே.

அரசன் மதில் கட்டினான். பிறகு மதிலைச் சுற்றி மதில். பிறகு, நிலவு இறங்கிக் குளிக்க ஓர் ஏரி வேண்டும் என்றான்.

தோண்டினார்கள். நிலவு வந்தது.

இன்னும் என்றான்.

எதிர்க்கரை பனிக்குள் போய் மறைந்தது. அங்கேயும் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

டெங்கின் மூத்த மகன் அந்தச் சேற்றில் புதைந்து செத்துப்போனான். இரண்டாமவனும் போனான்.

"நாளை என் கடைசிப் பிள்ளை ஷானைக் கூட்டிப்போக வருகிறார்கள்" என்றார் டெங். "அதிகாரியின் காலில் விழுந்தேன். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். ஒரு மகனில் எப்படிக் குறைப்பது, இடுப்புக்கு மேலா கீழா என்று கேட்கிறான்."

குரு எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார்.

"நாக்கு யாருடையது?"

"என்னுடையது."

"மகன்?"

டெங்குக்குக் கோபம் வந்தது.

"கரையில் உட்கார்ந்து கேள்வி கேட்பது சுலபம், குருவே. ஊருக்கு ஊர் உங்களைப் போல் ஒருவர் இருக்கிறார். ஏரி நின்றபாடில்லை."

குரு எழுந்தார். படகைத் தண்ணீரில் தள்ளினார்.

"ஏறுங்கள்."

ஆறு ஏரிக்குள் நுழைந்தது. எது நீர், எது வானம் என்று தெரியவில்லை. படகு மேகத்தில் போவதுபோல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கரையில் மண்வெட்டிகளின் சத்தம். தன் பிள்ளைகள் இருவரும் அங்கே இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று டெங்குக்குத் தோன்றியது.

பனியைக் கிழித்துக்கொண்டு அரசனின் படகு வந்தது.

அரசன் பட்டு மெத்தையில் சாய்ந்திருந்தான். அவனும் கிழவனாகியிருந்தான். தூங்கிப் பல காலம் ஆன கண்கள்.

"யார் அது?"

"என் பெயர் டெங், மன்னா. இந்த ஏரியைத் தோளில் சுமந்தவன்."

"எப்படி இருக்கிறது என் ஏரி?"

"பெரிதாக இருக்கிறது."

"இன்னும் பெரிதாகலாம், இல்லையா?"

டெங் குருவைப் பார்த்தார்.

குரு துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்தார். நீர் அசையாமல் நின்றது.

"போதும்" என்றார் டெங்.

அந்தச் சொல் நீரின் மேல் வெகுதூரம் போயிற்று.

காவலர்கள் கத்தியை உருவினார்கள். அரசன் கையை உயர்த்தித் தடுத்தான். அவன் கண்கள் மூடியிருந்தன. முகம் குழந்தை முகமாகிவிட்டது.

"அம்மா போன பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை" என்றான். "இன்னொரு முறை கூப்பிடு."

டெங் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"பயப்படாதே, கிழவா. பெயர் சொல்லிக் கூப்பிட்டாய், அவ்வளவுதானே? ஆம் என்று சொல். உன் நாக்கு உனக்கு. பிள்ளைகள் எத்தனை பேர்?"

"ஒருவன் மிச்சம்."

"அவனும் உனக்கு. தினமும் காலையில் வா. என்னைக் கூப்பிடு. போ. மற்றவர்கள் தோண்டட்டும்."

ஆம் என்பது சின்னச் சொல். அது டெங்கின் நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் செருப்பு தைத்துக்கொண்டிருக்கும் ஷானின் குனிந்த கழுத்து அவர் கண்முன் வந்தது.

பனிக்குள் மண்வெட்டிகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் ஷான்.

"மன்னா" என்றார் டெங். "நீங்கள் பிறந்த அன்று உங்கள் அம்மாவும் உங்களைக் கூப்பிடவில்லை."

அரசன் கண்களைத் திறந்தான்.

தெரியாத கரையில் யாரோ மண்கூடையைக் கீழே வைத்தார்கள். அந்தச் சத்தம் நீரின் மேல் மெல்ல நடந்து வந்தது.

பிறகு இன்னொரு கூடை.