சத்தமில்லாத ஞாயிறு

செல்லக்கிளியிடம் பறை கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் குற்றாலிங்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குருவைவிடப் பதினாறு வயது பெரியவர். அவர் செல்லக்கிளியை ‘டீச்சர்’ என்பார். செல்லக்கிளி அவரை ‘சார்’ என்பார். யாருக்கு யார் வாத்தியார் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

செண்பக நகரின் கடைசித் தெருவில் இருந்தது அவர்களுடைய கலைக்கூடம். இது குடியிருப்புப் பகுதி, இங்கே பறை அடிக்கக் கூடாது என்று நகர்வாசிகள் சங்கம் நகராட்சிக்கு மனுமேல் மனு போட்டது. ஒன்பது மணிக்கு மேல் கூடாது என்றார்கள். கூடத்தார் நிறுத்திக்கொண்டார்கள். ஏழு மணிக்கு மேல் கூடாது என்றார்கள், அதற்கும் தலையாட்டினார்கள். பிறகு வார நாளே கூடாதாம். ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை, அந்த இரண்டு மணி நேரம்தான் மிச்சம். இப்போது அதற்கும் வந்துவிட்டது வினை. புதன்கிழமை விசாரணை. தோற்றால் கூடத்துக்குப் பூட்டு.

கூடத்தின் கடிதங்களையெல்லாம் எழுதியவர் குற்றாலிங்கம்தான். பிழையில்லாமல் எழுதினால் நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புகிற மனிதர். முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த வயதில் எங்கே போய் மாற்றிக்கொள்வது?

“இன்னும் எவ்வளவு குறைச்சா ஒத்துக்குவாங்க டீச்சர்?” என்று கேட்டார்.

“பாத்துருவோம் சார். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லுங்க. பறையைக் காய்ச்ச வேண்டாம்.”

நெருப்பில் காய்ச்சினால்தான் பறையின் தோல் விறைக்கும். காய்ச்ச வேண்டாம் என்றால் அடிக்கவே வேண்டாம் என்று அர்த்தம்.

ஞாயிறன்று முப்பது பேர் வந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து பறையை மடியில் வைத்துக்கொண்டார்கள். நான்கு முதல் ஆறு வரை ஒருவரும் குச்சியைத் தூக்கவில்லை. தும்மிய ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். ஆறு மணிக்கு எழுந்து போனார்கள்.

செவ்வாய்க்கிழமை நகராட்சியிலிருந்து புதிய புகாரின் நகல் வந்தது.

‘ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை காது கிழியும் சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கைக்குழந்தை வீறிட்டு அழுதது.’ கீழே பதினோரு கையெழுத்து.

குற்றாலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “மாட்டிக்கிட்டாங்க டீச்சர். கூடத்துல மாட்டியிருக்கிற நம்ம கேமராவுல ரெண்டு மணி நேரமும் அப்படியே பதிவாயிருக்கு. நாளைக்கு ஒரு வார்த்தை பேச வாய் இருக்காது அவங்களுக்கு.”

“போயிட்டு வாங்க சார்” என்றார் செல்லக்கிளி.

விசாரணையில் அதிகாரி பதிவைப் பார்த்தார். கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார். சங்கச் செயலாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொய் மனு சார் இது” என்றார் குற்றாலிங்கம்.

“அதை விடுங்க. முப்பது பேரு, ரெண்டு மணி நேரம், ஒரு சின்னச் சத்தமில்ல. அப்ப உங்களால முடியுதில்ல? இதையே வழக்கமா வச்சுக்கங்க. யாருக்கும் தொந்தரவில்ல.”

அங்கேயே உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டார். கலைக்கூடம் எல்லா நாளும் காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கலாம். எந்த வாத்தியமும் வாசிக்கக் கூடாது.

குற்றாலிங்கம் கூடத்துக்கு வந்து உத்தரவைத் தரையில் போட்டார். தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்த சாட்சி அல்லவா அது.

“ஒருத்தருக்குக்கூடவா கை கூசல? கேக்காத சத்தத்துக்கு எப்படி டீச்சர் கையெழுத்துப் போட்டாங்க?”

செல்லக்கிளி தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். நான்காக மடித்தார்.

“முத மனு ஞாபகம் இருக்கா சார்? நாலு வருஷத்துக்கு முந்தி வந்தது. அப்போ இந்தக் கூடத்துக்குக் கூரைகூடப் போடல. ஒரு பறையும் உள்ள வரல.”

குற்றாலிங்கத்துக்கு ஞாபகம் இருந்தது. அவர் வீடும் செண்பக நகரில்தான். நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலையில் யாரோ ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பறைச் சத்தம் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. அவர் அதில் மூன்று எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, வேறு தாளில் எழுதிவரச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூடத்தில் ஒருவரிடமும் அதை அவர் சொன்னதில்லை. பழைய கோப்போடு போய்விட்டது என்று நினைத்திருந்தார்.

“ரெண்டாவது கையெழுத்து உங்களுது. உங்கள சேத்துக்கிட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்.”

“டீச்சர், நான்...”

“திட்டல சார். நீங்க கேட்டதுக்குச் சொல்றேன். கூரையில்லாத கூடத்துலேருந்து அன்னிக்கு உங்களுக்கு எது கேட்டுச்சோ, அதேதான் ஞாயித்துக்கிழமை அவங்களுக்கும் கேட்டிருக்கும்.”