தீயில் போடாத மிளகாய்

நெடுங்கரையில் ஒரு மிளகாய் விளைகிறது. கிள்ளிய விரல் மறுநாள் வரை எரியும். அதற்குப் பெயர் வந்த கதை இது. காரம் தாங்காதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சாத்தையாவின் கொல்லையில் வேலியோரம் அந்தச் செடி தானாக முளைத்தது. கிளி போட்ட விதையோ, காக்கை போட்டதோ, யார் கண்டது? அதை முதலில் பார்த்தது அவன் மகள் பவளம். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத ஆறு வயதுப் பிள்ளை. "தம்பிக்குத் தாகமா இருக்கும்மா" என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு அந்தச் செடிக்கு ஓடும். தாய் குருவம்மாள் சிரித்துக்கொள்வாள். செடி காய்த்தது. ஒரே ஒரு பழத்தைக் குழம்பில் போட்டதற்கே வீடு முழுக்கக் கண்ணீர் விட்டது. மீதியைச் சாத்தையா விதைக்கென்று காய வைத்தான்.

மார்கழியில் பவளத்துக்கு மூச்சிரைத்து இளைப்பு கண்டது. வைத்தியர் கொடுத்த கஷாயம் கேட்கவில்லை. சாத்தையாவின் தங்கை பூமயில் பதறியடித்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணுதான் மதினி. சுத்திப் போட்டாச் சரியாப் போகும்."

சுற்றிய வத்தலை நெருப்பில் போடும்போது நெடி ஏறாவிட்டால் கண்பட்டது உண்மை என்பது அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. சாதா வத்தல் எதற்கு, இருப்பதிலேயே காரமானதைப் போட்டால் சந்தேகமே மிஞ்சாது என்று பூமயில் அந்தப் புது வத்தலில் ஒரு கை அள்ளினாள். வாடைக்காற்று பிள்ளைக்கு ஆகாதென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டவள் குருவம்மாள்.

சுற்றி நெருப்பில் போட்டதும் நெடி ஏறியது. கண் தெரியாமல் சுவரைத் தடவித் தாழைத் திறந்து, பிள்ளையை வெளியே கொண்டுவந்து கிடத்தியபோது மூச்சு நின்றிருந்தது. அன்று காலையில் அது கேட்ட கடைசிக் கேள்வி, "தம்பிக்குத் தண்ணி ஊத்துனியாம்மா?" என்பதுதான். குருவம்மாள் ஊற்றியிருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அரிவாளோடு செடியிடம் போனாள். வெட்ட மனம் வரவில்லை. திரும்பி வந்து சொம்பை எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றினாள். செடி பிழைத்தது. அதன் விதை ஊர் முழுக்கப் பரவியது. மிளகாய் சந்தைக்குப் போனபோது வாங்குபவர்கள் பெயர் கேட்டார்கள். ஊர் வாயில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: பிள்ளைக்கொல்லி. அதைக் கேட்கும்போதெல்லாம் குருவம்மாள் கைவேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். கடைசியில் பெயரைப் பேசித் தீர்க்க ஊரார் கூடினார்கள்.

"பிள்ளைக்கொல்லின்னே இருக்கட்டும்" என்றார் ஊர்த்தலைவரான அம்பலகாரர். "பேரைக் கேட்டாலே நெருப்புல போடக் கை நடுங்கணும். இன்னொரு பிள்ளை சாகக்கூடாது."

"எம்மக கண்டெடுத்தது. பவளம்னு சொல்லுங்க. அவ பேராவது இருக்கட்டும்" என்றான் சாத்தையா.

பூமயில் தரையில் முட்டிக்கொண்டு அழுதாள். "எம்பேரை வைங்கண்ணே. உறைச்சுத் துப்புறவங்க என்னையத் துப்பட்டும்."

மகள் பெயரைச் சந்தையில் கூவி விற்பதையும் அம்மியில் வைத்து அரைப்பதையும் குருவம்மாளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மகளை ஊர் அடியோடு மறந்துவிடுவதையும் தாங்க முடியாது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் கேட்டது நியாயம்? அந்த மிளகாய்க்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு?

விடை: மூவருக்குமே இல்லை. முதலில் கண்டவள், தண்ணீர் ஊற்றி வளர்த்தவள், பெயரையும் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். "அதுக்குப் பேரு தம்பி. எம்மக வச்சது" என்றாள் குருவம்மாள். "தம்பியைத் தீயில போடாதீக." இன்றும் நெடுங்கரையில் தம்பி மிளகாய்க்கு விதை கேட்டுப் போனால், நெருப்பில் போட மாட்டேன் என்று கையடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் கொடுப்பார்கள்.