நாரை முதுகில் ஏறிப் போனவர்

பைன் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், குழந்தைகளே, பறக்க முடியாத நாரை ஒன்று இருந்தது. மிகப் பழைய காலத்துச் சீன தேசத்தில், பனிமூட்ட மலை என்று ஒரு மலை. அதன் சரிவில்தான் அந்தக் காடு இருந்தது.

கழுகு தாக்கியதில் நாரையின் இடது சிறகு ஒடிந்துவிட்டது. அதன் கூட்டம் இரண்டு நாள் காத்திருந்தது. மூன்றாம் நாள் குளிர் தாங்காமல் தெற்கே பறந்துவிட்டது.

புல்லில் கிடந்த நாரையைத் தன் குடிசைக்கு எடுத்துவந்து, மூங்கில் பத்தை வைத்துச் சிறகைக் கட்டியவர் வெய் லான் என்ற துறவி. அவர் தாவோ நெறியில் வாழ்ந்தவர். தண்ணீர் தன் போக்கில் ஓடுவதுபோல, எதையும் வலிந்து செய்யாமல் வாழ வேண்டும் என்பது அந்த நெறி. அவர் அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டு வேளையில் இரண்டு கற்களை எடுத்துத் தட்டுவார். டக், டக், டக். நாரை எங்கே இருந்தாலும் நடந்து வந்துவிடும்.

எலும்பு கூடியது. ஆனால் சிறகு பாதிக்கு மேல் விரியவில்லை.

மலையடிவாரத்து மக்கள் வெய் லானைப் பற்றி ஏதேதோ சொன்னார்கள். அவருக்கு முந்நூறு வயது என்றார்கள். காற்றைக் குடித்தே உயிர் வாழ்கிறார் என்றார்கள். நாரைக்குத் தெரியும், அவருக்கு எழுபத்திரண்டு வயதுதான். மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கும். காளான் கஞ்சி என்றால் இரண்டு கிண்ணம் குடிப்பார்.

நாரைக்கு அவரைத் தவிர யாரும் இல்லை. காட்டு விலங்குகள் அந்தக் குடிசைப் பக்கம் வருவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நாரைக் கூட்டம் தலைக்கு மேலே பறந்து போகும். ஒன்றுகூடக் கீழே பார்த்துக் குரல் கொடுக்காது.

இலைகள் உதிரும் காலத்தில் ஒருநாள், வெய் லான் கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டார்.

"குளிர்காலத்துக்குக் கிழங்கு தேடிப் போகிறேன். மூன்று நாளில் வந்துவிடுவேன்" என்றார்.

மூன்று நாள் ஆயிற்று. ஐந்து நாளும் ஆயிற்று. அவர் வரவில்லை.

ஆறாம் நாள் காலை, கரடியிடம் உதவி கேட்கலாம் என்று நாரை புறப்பட்டது. வழியில் நரி எதிர்ப்பட்டது.

"எங்கே இவ்வளவு அவசரம், நாரையாரே?"

"பெரியவரைக் காணவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து தேட வேண்டும்."

நரி உட்கார்ந்து யோசித்தது. "தேடுவார்கள், ஒருநாள். மறுநாள் மறந்துவிடுவார்கள். அப்புறம் நீர் தனியாகத்தானே நிற்க வேண்டும்?"

நாரை தெற்கு வானத்தை அண்ணாந்து பார்த்தது.

"காணவில்லை என்று சொல்லாதீர். உம் முதுகில் ஏறி வானுலகம் போய்விட்டார் என்று நான் சொல்கிறேன். காடே உம்மைத் தேடி வரும். யாராவது கேள்வி கேட்டால் கண்ணை மூடிக்கொள்ளும், அது போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"அது பொய் அல்லவா?"

"நாளைக்கே அவர் திரும்பி வந்தால், வானத்திலிருந்து இறங்கிவிட்டார் என்று சொல்லிவிடலாம்" என்று நரி சிரித்தது.

அன்று மதியமே குடிசை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. குரங்குகள் வாதுமைக்கொட்டை கொண்டுவந்தன. கரடி தேனடை கொண்டுவந்தது. எல்லாவற்றையும் நரி வாங்கி உள்ளே வைத்தது. அதன் பிறகு அவற்றை யாரும் பார்க்கவில்லை.

"வானுலகம் எப்படி இருந்தது?" என்று கிழட்டுக் குரங்கு கேட்டது.

நாரை கண்ணை மூடிக்கொண்டது.

"பார்த்தீர்களா! சொல்லக்கூடாத ரகசியம்!" என்றது நரி.

நாரைக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் முயல்கள் வந்து அதன் காலை ஒட்டிப் படுத்துக்கொண்டன. கூட்டத்தைப் பிரிந்த நாளிலிருந்து இப்படி ஒட்டிப் படுத்த வேறோர் உடலின் சூட்டை அது உணர்ந்ததே இல்லை. 'நாளைக்குப் பெரியவர் வந்துவிடுவார். வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்' என்று நினைத்துக்கொண்டது.

இரண்டு நாள் அப்படியே கழிந்தது. மறுநாள் உச்சிப்பாறையிலிருந்து ஒரு வரையாடு இறங்கி வந்தது.

"மேற்குப் பள்ளத்தாக்கில் ஏதோ சத்தம் கேட்கிறது. கல்லில் கல்லைத் தட்டுகிற மாதிரி. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, திரும்பவும் மூன்று தட்டு."

நாரைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மரங்கொத்தியாக இருக்கும்" என்றது நரி.

"மரங்கொத்தி கல்லையா கொத்தும்?" என்றது வரையாடு.

கரடி மெதுவாக எழுந்தது. "மனிதர் யாராவது மாட்டிக்கொண்டிருக்கலாம். போய்ப் பார்ப்போமா?"

"இந்த மலையில் இருந்த ஒரே மனிதர் வானத்தில் அல்லவா இருக்கிறார்?" என்றது நரி.

"அதுவும் சரிதான்" என்று கரடி உட்கார்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் நாரை வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவும் போயிற்று. காலடியில் படுத்திருந்த முயல்களைப் பார்த்தது. மூடிக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் அதனால் தாங்க முடியவில்லை. எல்லோரையும் கூப்பிட்டது.

"கேளுங்கள். பெரியவர் வானத்துக்குப் போகவில்லை. பள்ளத்தாக்கில் கிடப்பவர் அவர்தான். நான் யாரையும் சுமக்கவில்லை. என்னால் பறக்கவே முடியாது. இதோ பாருங்கள்!" என்று ஒடிந்த சிறகை விரித்துக் காட்டியது.

எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"அடடா! பெரியவரைச் சுமந்ததில் சிறகு இப்படி ஆகிவிட்டதே!" என்று குரங்கு கண்ணீர் விட்டது. முயல்கள் தலையைத் தரையில் வைத்து வணங்கின.

"இல்லை, இல்லை! கரடியாரே, நீங்களாவது நம்புங்கள். அவரைத் தூக்க எனக்குப் பலமில்லை. உங்களுக்கு இருக்கிறது. வாருங்கள்!"

"நம் பக்தியைச் சோதிக்கிறார். யாரும் நகராதீர்கள்!" என்றது நரி.

கரடி கைகூப்பியது. "என்னைச் சோதிக்க வேண்டாம், ஐயா. நான் உங்களை முழுதாக நம்புகிறேன்."

நாரை தனியாக நடந்தது. அன்றுதான் முதல் பனி விழுந்தது. அடுத்த நாள் மதியம் பள்ளத்தாக்கை அடைந்தபோது, அதன் உடம்பெல்லாம் கரிய சேறு. சத்தம் கேட்டது. இப்போது மூன்று தட்டு இல்லை, ஒன்றுதான்.

பாறைக்கு அடியில் வெய் லான் கிடந்தார். கால் முறிந்திருந்தது. பாறையில் கசிந்த தண்ணீர்தான் அவரை அதுவரை காப்பாற்றியிருந்தது.

"வந்துவிட்டாயா? நடந்தேவா வந்தாய்?" என்றார்.

"முன்பே வந்திருக்க வேண்டும், ஐயா." நாரை நடந்ததையெல்லாம் சொன்னது.

வெய் லான் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. "உன் முதுகிலா பறந்தேன்? கீழே பார்க்க எனக்குப் பயமாக இருந்திருக்குமே!"

நாரைக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்றே கரடியை அழைத்து வந்திருந்தால் உங்களைத் தூக்கியிருக்கும்."

"தூக்கியிருக்கும்" என்றார் அவர். ஆறுதலுக்காகக்கூட அவர் பொய் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கிட்டே வா. குளிர்கிறது" என்றார்.

நாரை தன் சிறகை எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்து அவரை மூடிக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது.

நாரை காட்டுக்குத் திரும்பியது. உண்மையை இன்னொரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தது. குடிசை முன்னால் பெருங்கூட்டம். "நம் நாரையாரும் வானுலகம் போய்விட்டார்! பொன்னிறமாக மின்னிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன்" என்று நரி சொல்லிக்கொண்டிருந்தது.

நாரை கூட்டத்துக்குள் நுழையப் பார்த்தது. காலை ஒட்டிப் படுத்திருந்த அதே முயல்களில் ஒன்று திரும்பிப் பார்த்தது.

"தள்ளிப் போ, சேற்று நாரையே. இங்கே பூசை நடக்கிறது."

நரி மட்டும் அதை அடையாளம் கண்டுகொண்டது. கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நாரை கூட்டத்தை விட்டு விலகியது. பிறகு வந்த வழியே பள்ளத்தாக்குக்கு நடந்தது.

நீதி: தனிமைக்குப் பயந்து பொய்க்கு உடன்பட்டால், உண்மையாக இருந்த ஒரு துணையையும் இழக்க நேரும்.